ஏணியில் நின்றவர் பார்த்தது: லாகூர், 1929

1929 ஏப்ரல் 6, மதியம் சுமார் 2 மணி. லாகூர் ஹாஸ்பிடல் ரோட்டில் ஒரு புத்தகக் கடை. கடைக்காரர் ராஜ்பால் வெளி வராந்தாவில் திண்டு போட்டு உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஓர் ஊழியர். இன்னொரு ஊழியர் ஏணியில் ஏறி அலமாரியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பத்தொன்பது இருபது வயது இளைஞர் ஒருவர் உள்ளே வந்தார், ராஜ்பாலைக் கத்தியால் குத்தினார். ஊழியர்கள் இருவரும் கூச்சல் போட்டபடி கையில் அகப்பட்ட புத்தகங்களை எடுத்து அவர் மேல் வீசினார்கள். அவர் கத்தியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். ராஜ்பால் உடலில் எட்டுக் காயங்கள்.

ஓடியவர் பக்கத்திலிருந்த ஒரு மரவாடிக்குள் திரும்பினார். சத்தம் கேட்டு வெளியே வந்த மரவாடிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். பெயர் இல்முத்தீன். லாகூர்க்காரர்தான், தச்சர் வீட்டுப் பிள்ளை. பிடிபட்டதும், தான் திருடனும் இல்லை கொள்ளைக்காரனும் இல்லை, நபிக்காகப் பழி தீர்த்தேன் என்று அவர் உரக்கச் சொன்னதாகச் சாட்சிகள் பிறகு நீதிமன்றத்தில் சொன்னார்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

இந்த வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட பலருக்கும் தெரிந்தது இரண்டு பெயர்கள்தான்: கொன்றவர், அவருக்காக வாதாடிய முகமது அலி ஜின்னா. ஆனால் ஜின்னா இந்தக் கதைக்குள் கொலைக்குப் பிறகு வந்தவர் அல்ல. ஒன்றரை வருடம் முன்னாலேயே, சிம்லாவில் கூடிய மத்திய சட்டசபையில், வேறொரு வேலையாக வந்து போயிருக்கிறார். அதைச் சொல்ல 1924-இலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்தத் துண்டு நூல்

1924-இல் ராஜ்பால் வெளியிட்டது உருதுவில் எழுதப்பட்ட ஒரு சிறு நூல். பெயர் ‘ரங்கீலா ரசூல்’. எழுதியவர் பெயர் அதில் இல்லை. இந்து சீர்திருத்த அமைப்பான ஆரிய சமாஜத்தின் பண்டிதர் சமுபதி எழுதியது என்று பிற்பாடு தெரியவந்தது, ஆனால் ராஜ்பால் உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரைச் சொல்லவேயில்லை. நபியின் மண வாழ்க்கையைப் புகழ்வதுபோல் பாவனை செய்து கிண்டலடிக்கும் எழுத்து. அதற்கு மேல் அதன் உள்ளடக்கத்தை இங்கே எடுத்துப் போட எனக்கு விருப்பமில்லை. வழக்கைப் புரிந்துகொள்ள அது தேவையும் இல்லை.

பஞ்சாபில் அது திடீரென்று முளைத்ததும் அல்ல. ஆரிய சமாஜத்தாரும் முஸ்லிம் பிரசாரகர்களும் மேடை போட்டு வாதம் நடத்துவதும், ஒருவர் கடவுளையும் குருவையும் மற்றவர் துண்டு நூல் அச்சடித்து இழிவுபடுத்துவதும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே நடந்துவந்தது. ஆரிய சமாஜப் பிரசாரகர் லேக்ராம் 1897-இல் இதே லாகூரில் குத்திக் கொல்லப்பட்டார். 1920-களில் ஒரு பக்கம் இந்து மதத்துக்குத் திருப்பும் சுத்தி இயக்கம், மறுபக்கம் இஸ்லாமியப் பிரசாரமான தப்லீக் என்று மத மாற்றப் போட்டி வந்து சேர்ந்ததும் சூடு கூடிப்போனது. சீதையைக் கேவலப்படுத்திய ஒரு வெளியீட்டுக்குப் பதிலாகத்தான் ராஜ்பாலின் நூல் வந்தது என்று அவர் பக்கத்தார் சொல்வார்கள். அந்தக் காலத்துப் பஞ்சாப் அச்சகங்களில் யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்று தேடிப் போனால் நூல்கண்டின் முனை கிடைக்காது.

காந்தி 1924 ஜூனில் ‘யங் இந்தியா’வில் இந்த நூலைக் கண்டித்து எழுதினார். உணர்ச்சியைக் கிளறிவிடுவதைத் தவிர இப்படி ஒரு நூலை எழுதவும் அச்சடிக்கவும் வேறு என்ன நோக்கம் இருக்க முடியும் என்பது அவர் கேள்வி. பஞ்சாப் அரசு ராஜ்பால் மீது வழக்குப் போட்டது.

சட்டத்தில் இருந்த ஓட்டை

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பின்னால் நடந்த அத்தனைக்கும் அடிப்படை ஒரு பிரிவின் வார்த்தைகள்.

1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் மதம் சம்பந்தமான குற்றங்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு. வழிபாட்டு இடத்தை இடிப்பது, வழிபாட்டைக் குலைப்பது, இடுகாட்டில் அத்துமீறுவது எல்லாம் அதில் வந்துவிடும். 298-ஆம் பிரிவு, ஒருவர் மனம் புண்பட வேண்டும் என்றே அவர் காதுபடப் பேசுவதையும் கண்ணெதிரில் சைகை செய்வதையும் குற்றமாக்கியது. அச்சடித்த எழுத்து? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எனவே அரசு 153ஏ பிரிவைப் பிடித்தது. அது 1898-இல் சேர்க்கப்பட்டது. இரண்டு வகுப்பாரிடையே பகையை வளர்ப்பதைத் தண்டிப்பது.

கீழ் நீதிமன்றம் 1927 ஜனவரியில் ராஜ்பாலுக்கு ஒன்றரை ஆண்டுக் கடுங்காவலும் 1,000 ரூபாய் அபராதமும் விதித்தது. செஷன்ஸ் நீதிமன்றம் சிறையை ஆறு மாதமாகக் குறைத்தது. விவகாரம் லாகூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி கன்வர் தலீப் சிங், கபூர்தலா அரச குடும்பத்தின் கிறிஸ்தவக் கிளையைச் சேர்ந்தவர். 1927 மே மாதம் அவர் ராஜ்பாலை விடுதலை செய்தார்.

அந்தத் தீர்ப்பு நூலுக்கு நற்சான்று கொடுத்தது என்று நினைத்தால் தவறு. நூலின் தொனி கெட்ட எண்ணம் கொண்டது, முஸ்லிம்களின் மத உணர்வைப் புண்படுத்தக்கூடியது என்று தலீப் சிங் தெளிவாகவே எழுதினார். ஆனால் 153ஏ தண்டிப்பது ஒரு வகுப்பார் மீது பகையைத் தூண்டுவதை. இறந்துபோன ஒரு மதத் தலைவரைப் பற்றிய விமரிசனத்தை, அது எவ்வளவு தரக்குறைவாக இருந்தாலும், அந்தப் பிரிவுக்குள் அடைக்க முடியாது என்பது அவர் கருத்து. கூடவே ஒன்று சொன்னார். மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு வெளியிடப்படும் துண்டு நூல்களைக் குற்றமாக்க 297-ஆம் பிரிவில் ஒரு வாசகத்தைச் சேர்க்கலாமே என்றார். ஓட்டை எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டியவரே அவர்தான்.

தெருவில் அந்தப் பகுதி யார் காதிலும் விழவில்லை. ‘விடுதலை’ என்ற ஒரு சொல் மட்டும் போய்ச் சேர்ந்தது. லாகூரின் ‘முஸ்லிம் அவுட்லுக்’ பத்திரிகை, நீதிபதி பதவி விலக வேண்டும் என்று தலையங்கம் எழுதியது. அதன் ஆசிரியரும் உரிமையாளரும் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்குப் போனார்கள். அதற்குள் அமிர்தசரஸிலிருந்து வந்த ‘ரிசாலா வர்த்தமான்’ என்ற இதழில் நபியை நரகத்தில் காட்டும் ஒரு கட்டுரை வெளியாகி இன்னொரு வழக்கு. இந்த முறை இரண்டு நீதிபதிகள் அமர்ந்து, 153ஏ இதற்குப் பொருந்தும் என்று தண்டித்தார்கள். நான்கு மாதத்துக்குள் ஒரே நீதிமன்றம், ஒரே பிரிவு, இரண்டு அர்த்தம்.

அரசுக்கு இது சரிப்படவில்லை. 1927 செப்டம்பரில் மத்திய சட்டசபையில் புதுப் பிரிவு வந்தது: 295ஏ. எந்த வகுப்பாரின் மதத்தையும் மத நம்பிக்கையையும் எழுத்தாலோ பேச்சாலோ இழிவுபடுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை. தேர்வுக் குழு அதில் ‘வேண்டுமென்றே’, ‘தீய எண்ணத்தோடு’ என்ற சொற்களைச் சேர்த்துக் கடிவாளம் போட்டது. அந்த விவாதத்தில் எழுந்து பேசியவர்களில் ஜின்னாவும் ஒருவர். மசோதாவை அவர் ஆதரித்தார். ஆனால் வரலாற்று ஆராய்ச்சி செய்கிறவர்களும், உண்மையைத் தேடுகிறவர்களும், ஒரு மதத்தை நேர்மையாக விமரிசிப்பவர்களும் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது, அந்த அடிப்படைக் கொள்கையைக் காப்பாற்ற வேண்டும் என்றார். இந்தியாவில் 2024 வரை இந்தப் பிரிவில் பதிவான வழக்குகளைப் பார்க்கும்போது அந்தப் பேச்சு வேறு ஏதோ நாட்டுச் சட்டசபையில் நடந்தது போலத் தோன்றும்.

(நம் ஊர் வாசகருக்கு இந்தப் பிரிவு அந்நியமில்லை. 1953 மே 27 அன்று திருச்சியில் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்தபோது அவர் மீது கொடுத்த புகாரில் 295-உம் 295ஏ-உம்தான் இருந்தன. கீழே இருந்து உயர் நீதிமன்றம் வரை புகார் தள்ளுபடி. 1958-இல் உச்ச நீதிமன்றம், ‘புனிதப் பொருள்’ என்பதற்குக் கீழ் நீதிமன்றங்கள் குறுகலாக அர்த்தம் கொண்டது தவறு என்று சொல்லிவிட்டு, நாளாகிவிட்டது என்று விவகாரத்தை அத்தோடு விட்டுவிட்டது. 295ஏ செல்லும் என்று அதற்கு முந்தைய ஆண்டே தீர்ப்பு வந்திருந்தது.)

சட்டம் வந்தது, கத்தியும் வந்தது

ஒரு குறை இருந்தது, சட்டம் அதைச் சரிசெய்துவிட்டது, ஆக கோபம் அடங்கியிருக்க வேண்டும். காகிதத்தில் அப்படித்தான். ஆனால் புதுச் சட்டம் பழைய செயலைத் தொடாது. ராஜ்பால் விடுதலையானவர், விடுதலையானவராகவே இருந்தார். 295ஏ சட்டமான அதே செப்டம்பரில் அவர் கடையில் வைத்துத் தாக்கப்பட்டு, காயத்தோடு தப்பினார். அடுத்த மாதம் இன்னொருவர் வந்தார். கடையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆரிய சமாஜச் சாமியாரை ராஜ்பால் என்று நினைத்துக் குத்தினார். தாக்கிய இரண்டு பேருக்கும் சிறை.

அப்புறமும் அவர் அதே கடையில்தான் உட்கார்ந்திருந்தார். துணிச்சலா, பிடிவாதமா, பிழைப்பை விட்டு எங்கே போவது என்ற யோசனையா, தெரியாது. புத்தகக்காரர்கள் கடையை மாற்ற மாட்டார்கள் என்று ஒரு பழைய புத்தக வியாபாரி என்னிடம் சொன்னது இந்த இடத்தில் ஞாபகம் வரும்.

ஆக, ஏப்ரல் 6 அன்று நடந்தது மூன்றாவது முயற்சி.

விசாரணை

செஷன்ஸ் நீதிமன்றம் 1929 மே 22 அன்று இல்முத்தீனுக்கு மரண தண்டனை விதித்தது. மேல்முறையீடு லாகூர் உயர் நீதிமன்றத்தில், பிராட்வே, ஜான்ஸ்டன் என்ற இரு நீதிபதிகள் முன்னால். வர்த்தமான் வழக்கில் தண்டித்த அமர்வில் இருந்தவர் இதே பிராட்வேதான். ஜூலை மாதம் பம்பாயிலிருந்து ஜின்னா வந்தார்.

தீர்ப்பு நீளமானது அல்ல. ஓர் உட்காரலில் படித்துவிடலாம். உணர்ச்சி என்று ஏதும் இல்லாத, வரவு செலவுக் கணக்கு போன்ற எழுத்து. அதில் ஜின்னாவின் வாதங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, படிக்கப் படிக்க ஒன்று புலப்படும்: இவர் ஒரு கைதேர்ந்த கிரிமினல் வக்கீல் செய்வதை மட்டும்தான் செய்தார்.

முதல் சாட்சி, வராந்தாவில் பின்னால் இருந்த ஊழியர். இவரை நம்பக் கூடாது என்றார் ஜின்னா. ஏன்? இறந்தவரிடம் சம்பளம் வாங்கியவர், ஆகவே இந்த வழக்கில் அக்கறை உள்ளவர். அதைவிட முக்கியமாக, இவர் கொடுத்த முதல் தகவல் அறிக்கையில் இரண்டு விஷயங்கள் இல்லை. ஏணியில் இன்னொரு ஊழியர் நின்றதாகச் சொல்லவில்லை. பிடிபட்டவர் ‘நபிக்காகப் பழி தீர்த்தேன்’ என்று கத்தியதாகவும் சொல்லவில்லை. ஏணியில் நின்றவரும் கடை ஆள்தான், அவரும் அக்கறை உள்ள சாட்சி. துரத்திப் பிடித்த மற்றவர்களின் பேச்சில் சின்னச் சின்ன விவரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

அடுத்தது கத்தி. பழைய சாமான் வியாபாரி ஒருவர், அந்தக் கத்தியைத் தான்தான் இந்த இளைஞருக்கு விற்றதாகச் சொல்லி, அணிவகுப்பில் அடையாளமும் காட்டியிருந்தார். அந்தக் கடையைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்ததே இல்முத்தீனின் வாக்குமூலம். போலீசிடம் சொன்னதைச் சாட்சியமாக எடுக்கக் கூடாது என்பதும், வியாபாரியின் அடையாளம் சந்தேகத்துக்குரியது என்பதும் ஜின்னாவின் ஆட்சேபணைகள்.

இவை எதுவும் எடுபடவில்லை. பட்டப்பகல், இரண்டு நேரடி சாட்சிகள், சில நிமிடங்களுக்குள் கண்முன்னே பிடிபட்ட ஆள். ஏணியில் நின்றவர் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை என்று அமர்வு நம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை. புத்தகத்தை எடுத்து வீசினோம் என்பதெல்லாம் ஜோடித்துச் சொல்கிறவனுக்குத் தோன்றாது. ஜோடிப்பவன் கட்டையை எடுத்தேன், பாய்ந்து பிடித்தேன் என்பான்.

கடைசியாகத் தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஒரு வேண்டுகோள். இவருக்குப் பத்தொன்பது அல்லது இருபது வயதுதான். தன் மதத்தை நிறுவியவர் மீதுள்ள பக்தியாலும், அவரைக் கேவலமாக எழுதியவர் மீதுள்ள கோபத்தாலும் செய்தது என்றார் ஜின்னா. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது: ‘இவர் செய்யவில்லை’ என்று வாதாடிவிட்டு, ‘செய்திருந்தாலும் பக்தியில் செய்தது’ என்று முடிக்க வேண்டும். மரண தண்டனை வழக்கில் வக்கீலுக்கு வேறு வழி இல்லை; எல்லா வக்கீலும் செய்வதுதான். பத்தொன்பது இருபது வயது என்பது மட்டுமே தண்டனையைக் குறைக்கப் போதுமான காரணம் ஆகாது என்று ஒரு பழைய தீர்ப்பை எடுத்துக்காட்டி அமர்வு மறுத்துவிட்டது. ஜூலை 17 அன்று தண்டனை உறுதியானது. அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போட்ட மனுவும் நிற்கவில்லை.

இரண்டு முறை அடக்கம்

1929 அக்டோபர் 31 அன்று மியான்வாலி சிறையில் தூக்கு. லாகூரில் செய்தால் ஊர் கொந்தளிக்கும் என்று அவ்வளவு தூரத்தில். உடலையும் அங்கேயே புதைத்தார்கள். அரசு போட்ட கணக்கு அங்கேதான் பிசகியது. உடலைக் கொடு என்று லாகூரில் கிளர்ச்சி எழுந்தது. கவிஞர் இக்பால், மியான் முகமது ஷஃபி போன்ற பெரிய மனிதர்கள் ஆளுநர் ஜெஃப்ரி டி மான்ட்மரன்சியைப் பார்த்து, கலவரம் வராது என்று பொறுப்பேற்றார்கள். இரண்டு வாரம் கழித்து உடல் தோண்டி எடுக்கப்பட்டு ரயிலில் லாகூர் வந்தது. நவம்பர் 14 அன்று மியானி சாஹிப் இடுகாட்டில் அடக்கம். லாகூர் அதுவரை பார்த்திராத கூட்டம். அதைக் கலவரமில்லாமல் நடத்திக் காட்டியவர்களும் அதே தலைவர்கள்தான், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

‘நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம், தச்சன் மகன் ஜெயித்துவிட்டான்’ என்று இக்பால் சொன்னதாகப் பஞ்சாபியில் ஒரு வரி இன்றும் உலவுகிறது. அந்த இறுதி ஊர்வலத்துக்குக் கட்டில் கொடுத்தவர் கல்வியாளர் எம். டி. தாசீர் என்றும் சொல்வார்கள். அவர் மகன் சல்மான் தாசீர் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாண ஆளுநராக இருந்தபோது, மத நிந்தனைச் சட்டத்தை விமரிசித்ததற்காக 2011 ஜனவரி 4 அன்று சொந்தப் பாதுகாவலராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சட்டம், 1927-இன் 295ஏ-வுக்குப் பின்னால் பாகிஸ்தான் 1980-களில் சேர்த்த 295பி, 295சி. இந்தியாவில் 295ஏ-வின் தண்டனை மூன்று ஆண்டாகக் கூடியது, பாகிஸ்தானில் பத்து ஆண்டாக.

ராஜ்பாலின் குடும்பம் பிரிவினையில் லாகூரை விட்டு டெல்லிக்கு வந்தது. அவர்கள் நடத்திய பதிப்பகம் கஷ்மீரி கேட்டில் இந்தி நூல்கள் போட்டது. மகன்களில் ஒருவரான தீனாநாத் மல்ஹோத்ரா, இந்தியில் மலிவு விலைக் காகித அட்டை நூல்களைக் கொண்டுவந்த ஹிந்த் பாக்கெட் புக்ஸைத் தொடங்கியவர்.

சாட்சி சொன்ன வரி

இனி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த வாக்கியம்.

இல்முத்தீனைப் பற்றிப் பாகிஸ்தானில் பாட்டு உண்டு, படம் உண்டு, கல்லறையில் ஆண்டுதோறும் கூட்டம் உண்டு. அந்தக் கதைகளில் அவர் நீதிமன்றத்தில் நெஞ்சை நிமிர்த்தி ‘நான்தான் செய்தேன்’ என்கிறார். ‘இல்லை என்று ஒரு வார்த்தை சொல், காப்பாற்றிவிடுகிறேன்’ என்று ஜின்னா கெஞ்சுகிறார், இவர் மறுக்கிறார். கேட்க நன்றாக இருக்கும். வழக்கு ஆவணங்களில் இருப்பது வேறு. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. நான் செய்யவில்லை என்றார். உயர் நீதிமன்றத்தில் நடந்த மேல்முறையீடு முழுக்க அதன் மேல் நின்றது. தூக்குக் கயிற்றை எதிரே வைத்துக்கொண்டு இருபது வயதுப் பையன் அப்படிச் சொன்னதில் விநோதம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் ‘நபிக்காகப் பழி தீர்த்தேன்’ என்ற அந்த வரி நமக்கு எங்கிருந்து கிடைத்தது? அரசுத் தரப்புச் சாட்சிகளிடமிருந்து. கடை ஊழியரும், துரத்தி ஓடியவர்களும், மரவாடிக்காரரும் கூண்டில் ஏறிச் சொன்னதால்தான் அது பதிவில் இருக்கிறது. இல்முத்தீனை விரும்புகிறவர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டும் வரியைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் ராஜ்பால் பக்கத்துச் சாட்சிகள். முதல் தகவல் அறிக்கையில் இந்த வரி இல்லையே, பிறகு எப்படி வந்தது, இந்தச் சாட்சியை எப்படி நம்புவது என்று நீதிபதிகளிடம் கேட்டவர் ஜின்னா.